24 அடி போட்டுல (படகுல) டாய்லெட்: டாங்க் நாறுமா, நாறாதா?

தேவகோட்டையான்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு, சின்ன போட்டுல கழிவு டாங்க் வச்சாலே நாறும், பேசாம கையில தூக்குற டப்பா டாய்லெட் வாங்கிப் போடுங்கன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. தொண்டியில நிக்கிற என் ஃபைபர் போட்டுல 40 லிட்டர் டாங்க் மூணு வருசமா கிடக்கு, ஒரு வாடை கிடையாது. நாறுறது டாங்க் இல்ல, வென்ட் குழாய், அதான் டாங்குக்குக் காத்து போக வர வைக்கிற குழாய். எல்லாரும் 16 மில்லிமீட்டர் அகலக் குழாய மாட்டிடுறீங்க. உள்ள காத்து போகலைன்னா காத்தில்லாம வாழுற பாக்டீரியா பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும், அதான் அழுகுன முட்டை வாடை. 25 மில்லி போடுங்க, நேராப் போடுங்க, முடிஞ்சா ரெண்டு பக்கமும் ஒண்ணு.

கானாடுகாத்தான் தம்பி:
அந்த ஒருத்தர் நான்தான், என்னைச் சொல்லியே திட்டலாம். என் டப்பா 20 லிட்டர். நிறைஞ்சதும் கொக்கியக் கழட்டி பெட்டி மாதிரி தூக்கிட்டு வந்து வீட்டு கக்கூஸ்ல ஊத்திக் கழுவிடுவேன். உங்க 40 லிட்டர யாரு உறிஞ்சுறா? செப்டிக் டாங்க் லாரிக்காரன் அதுக்காக கடற்கரைக்கு வருவானா? கைப்பம்பு டாய்லெட் ஒரு தடவைக்கு 3 லிட்டர் இழுத்தா 13 தடவையில கதை முடிஞ்சுச்சு. 4 பேரு போனா ஒரு நாள் தாங்காது.

தேவகோட்டையான்:
வென்ட்டப் பத்திப் பேசுனா லாரிக்குப் போறீங்க. 25 மில்லிக்குப் பதில் சொல்லுங்க முதல்ல. அப்புறம் அந்த டப்பாவுல ஊத்துற மருந்துல ஃபார்மால்டிஹைடு இருந்தா உங்க வீட்டு செப்டிக் டாங்க்ல இருக்க நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும், அதையும் பாத்துக்கங்க.

காரைக்குடி மெக்கானிக்:
அண்ணே, வென்ட் வென்ட்டுன்னு ஒரே பாட்டு. வாடை வர்றது கழிவு போற ஹோஸ்ல. வெந்நீர்ல துணிய முக்கிப் பிழிஞ்சு ஹோஸ் மேல சுத்தி வைங்க, ஆறுனதும் எடுத்து மோந்து பாருங்க. துணி நாறுனா ஹோஸ் போச்சு. போன மாசம் ஒரு போட்டுல பாத்தேன், ஹோஸ் நடுவுல தொங்கி, அந்தத் தொய்வுல கழிவு அப்படியே தேங்கி நின்னுச்சு. வென்ட் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

தேவகோட்டையான்:
எத்தன மில்லி வென்ட்? அதச் சொல்லலையே. எனக்கும் ஒரு தடவை நாறுச்சு, ஹோஸ்தான்னு ஒரு மெக்கானிக் சொன்னான், காச வாங்கிட்டு மாத்துனான், மறுநாளும் அதே நாத்தம். நானே டார்ச் அடிச்சுப் பாக்குறேன், வென்ட் வாயில குளவி மண்ணால கூடு கட்டி அடைச்சு வச்சிருக்கு. குச்சிய விட்டுக் குத்துனேன், வலை வச்சுக் கட்டுனேன், ரெண்டு நாள்ல வாடை போச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

காரைக்குடி மெக்கானிக்:
அந்த மெக்கானிக் நான் இல்ல. ஒருத்தன் செஞ்சதுக்கு எல்லாரையும் இழுக்காதீங்க.

பள்ளத்தூர் வாசி:
தண்ணியே வேணாங்க. ஒண்ணுக்கு தனியா, ரெண்டுக்கு தனியா பிரிக்கிற டாய்லெட் வாங்கி தென்னை நார்க்கழிவு போட்டுக் கிளறுனா வாடையே வராது. ரெண்டும் கலக்குறதுதான் வினை.

தேவகோட்டையான்:
அதுக்கும் காத்து வெளிய போக குழாய் வேணும்ல? சுத்தி வளைச்சு நான் சொன்னதுக்குத்தான் வர்றீங்க.

தொண்டிக்காரன்:
எதுக்குங்க இவ்ளோ? 12 கடல் மைல் தாண்டுனா கடல்லயே விடலாம்னு மார்போல் சட்டத்துலயே (கப்பல் கழிவு பத்தின உலக ஒப்பந்தம்) இருக்கு. காரைக்குடி பக்கத்து ஆளுகளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும், ஊரணியத் தவிர?

தேவகோட்டையான்:
ஊரணியப் பேசாதீங்க. குடிக்கிற ஊரணியில காலக் கழுவ விடமாட்டாக எங்க ஊருல, அந்த புத்தி இருக்குறதாலதான் டாங்க் வச்சிருக்கேன். சட்டத்த முழுசாப் படிங்க. அது 400 டன்னுக்கு மேல உள்ள கப்பல், இல்ல 15 பேருக்கு மேல ஏத்துற கப்பலுக்கு. அவனுக்கே 12 மைலுக்கு அப்பால, 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்குக் குறையாம ஓடிக்கிட்டே, கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடணும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், கடற்புல் கிடக்கு, கடற்பசு மேயுது. 2022ல 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகம்னு அரசு அறிவிச்சது இந்தக் கடல்லதான். அங்க போயி விடுவீங்களா? எங்க ஐயா கப்பலேறி பினாங்கு போயி தொழில் பாத்தவுக, கடல எங்களுக்குச் சொல்லித் தர வேணாம்.

தொண்டிக்காரன்:
கப்பல்ல டிக்கெட் எடுத்துப் போனா மாலுமி ஆயிருவாகளா? அப்ப பஸ்ல போறவன் எல்லாம் டிரைவரா?

கானாடுகாத்தான் தம்பி:
ஐயாவ விடுங்க. லாரி வருமா வராதா, அதுக்கு இன்னும் பதிலே வரல.

தேவகோட்டையான்:
டெக்ல கழிவ உறிஞ்சி எடுக்க பம்ப்-அவுட் மூடி இருக்கு, கை டயாஃப்ரம் பம்ப வச்சு கேன்ல இறக்கி வீட்டுக்குக் கொண்டாந்துதான் ஊத்துறேன், போதுமா?

கானாடுகாத்தான் தம்பி:
கடைசியில நீங்களும் கேனத்தான் தூக்குறீங்க! நான் மூடுன டப்பாவத் தூக்குறேன், நீங்க பம்பு அடிச்சுத் தூக்குறீங்க.

தேவகோட்டையான்:
தூக்குறது பத்தி இல்ல பேச்சு. டாங்க் நாறும்னு எழுதுனீங்க, நாறாதுங்குறேன். 25 மில்லி. போட்டுப் பாத்துட்டு வந்து பேசுங்க.

காரைக்குடி மெக்கானிக்:
துணிய வச்சு மோந்து பாத்துட்டு நீங்க வாங்க.