புதுப்பிப்பு: சான்றிதழ் இருக்கிறது, அனுபவம் இல்லை என்று புலம்பியிருந்தேனே

மூன்று மாதங்களுக்கு முன் எழுதியது இதுதான்: கேஸ் வேலைக்கான தகுதித் தேர்வான ஏசிஎஸ் தேறி, அந்த வேலை செய்யத் தேவையான கேஸ் சேஃப் பதிவும் வாங்கிவிட்டேன், லண்டனில் யாரைக் கேட்டாலும் "இரண்டு வருட அனுபவம் உண்டா?" என்கிறார்கள்.

விண்ணப்பங்கள் எதுவும் பலிக்கவில்லை. பலித்தது உங்களில் ஒருவர் சொன்ன யோசனை: குழாய்ச் சாமான் கடையில் காலை ஏழு மணிக்கே போய் நிற்பது. நான்காம் நாள், தனியாகத் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர், "பாய்லர் தூக்க ஆள் வேண்டும், வருகிறாயா?" என்றார். வாரம் மூன்று நாள், கூலி சொற்பம்தான்.

முதல் வாரமே மானம் போனது. கசிவுச் சோதனையில் அழுத்தத்தை நேராக 20 மில்லிபாருக்கு ஏற்றிவிட்டேன். முதலில் 7 முதல் 10 மில்லிபாருக்குள் ஒரு நிமிடம் நிறுத்தி, மூடிய மீட்டர் வால்வு கேஸை உள்ளே விடுகிறதா என்று பார்க்க வேண்டும். விட்டால், குழாயில் இருக்கும் கசிவை அது ஈடுகட்டி மறைத்துவிடும். தேர்வில் பிசகாமல் செய்தவன்தான் நான்! வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்றதும் கை நடுங்கிவிட்டது. பெரியவர் திட்டவில்லை. "மறுபடியும்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு பாய்லர் சர்வீஸை நானே செய்யப்போகிறேன். புகை வாயுவை அளக்கும் கருவி மட்டும் இன்னும் அவருடையதுதான்.