மறு: இயங்குதள மேம்படுத்தலின்போது தற்காலிகமாக வைக்கும் பழையமுறை ஆதரவு நிரல் – 'முட்டுநிரல்' எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இயங்குதளத்தை மேம்படுத்தும்போது பழைய செயலிகள் தொடர்ந்து இயங்குவதற்காகத் தற்காலிகமாகச் சேர்க்கும் நிரலுக்கு முன்மொழியப்பட்டுள்ள 'பின்னோக்கு இணக்க நிரல்' என்ற சொல்லில் பொருட்பிழை இல்லை. ஆனால் நிலையாக வைத்திருக்கும் ஆதரவையும், வேலை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டிய ஆதரவையும் அது ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கருனியில் (kernel, அதாவது மைய நிரலில்), 4ஆம் பதிப்புக்காலச் செயலிகள் இயங்குவதற்கான ஆதரவு பல பதிப்புகளாகத் தொடர்கிறது. அதை இணக்கம் என்றே அழைப்போம். நாம் பேசுவது வேறொன்றை.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 5.5ஆம் பதிப்பில் (2014) நேரத்தைக் குறிக்கும் தரவுவகை எல்லா வன்பொருள்களிலும் 64 பிட்டாக விரிந்தது. நொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி (counter) 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும் என்பதே காரணம். இத்தகைய மாற்றத்தின்போது மூலநிரலிலிருந்து மேம்படுத்துபவர் முதலில் புதிய கருனியைத் தொகுத்து, கணினியை மறுதொடக்கம் செய்கிறார். அப்போது கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை முதல் தொகுப்பி வரை எல்லாமே பழையவை, அவற்றைக் கொண்டுதான் மீதி அமைப்பைக் கட்டியாக வேண்டும். எனவே பழைய அழைப்பு எண்ணில் (செயலி கருனியிடம் ஒரு பணியைக் கோரும் எண், system call number) வரும் கோரிக்கைக்குப் பழைய அளவிலும், புதிய எண்ணில் வருவதற்குப் புதிய அளவிலும் கருனி விடை தர வேண்டும். எல்லாரும் கரையேறிய பிறகு பழைய வழி வெறும் சுமை. யாரும் சோதிக்காத அந்த மூலையில்தான் பாதுகாப்புப் பிழைகளும் ஒதுங்குகின்றன.

இதற்கு 'முட்டுநிரல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். எங்கள் தருமபுரிப் பக்கம் கான்கிரீட் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகைக்கு அடியில் சவுக்குக்கட்டையால் முட்டுக் கொடுப்பார்கள். அந்த முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்பது தளத்தைத் தாங்குபவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது: இந்தியத் தரநிலை 456இன்படி, சாதாரண சிமெண்ட் இட்ட தளத்தில் அந்தத் தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். எடுக்கும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் முட்டு. 'இணக்கம்' என்ற சொல்லில் இல்லாததும் அந்த நாள்தான்.

'முட்டுக்கட்டை' என்ற தடைப்பொருள் குறுக்கிடும் என்று ஒரு நண்பர் தயங்கினார். தயக்கம் நியாயமானதே; எனினும் 'முட்டுக் கொடுத்தல்' என்ற வினை அன்றாட வழக்கில் தாங்குதலையே குறிப்பதால் நிரலாளர்கள் குழம்ப மாட்டார்கள். (அரசியல் விவாதங்களில் அதற்குள்ள கேலிப்பொருளைப் பற்றி நான் கவலைப்படவில்லை.) கட்டடச் சாரத்தை வைத்து அமையும் 'சாரநிரல்' என்பதை ஏற்க இயலவில்லை: சாரம் என்றதும் பலருக்குச் சாறும் சுருக்கமும்தான் நினைவுக்கு வரும்.

வினைகளையும் சேர்த்தே ஏற்கக் கோருகிறேன்: சேர்ப்பது 'முட்டுக் கொடுத்தல்', அகற்றுவது 'முட்டெடுத்தல்'. நிரலின் கருத்துரை (comment) வரியில் "முட்டு: 5.6 வெளிவந்தபின் எடுக்க" என்று எழுதினால், நிரலுக்குள் 'முட்டு:' என்று தேடி, எல்லா முட்டுகளையும் ஒரே கட்டளையில் பட்டியலிட்டு, கெடு தாண்டியவற்றைக் கண்டுகொள்ளலாம். பதிப்பெண் இல்லாத முட்டுநிரலைச் சீராய்வில் திருப்பி அனுப்பலாம் என்பதும் என் முன்மொழிவின் பகுதியே. மாற்றுக் கருத்துடையோர் எழுத வேண்டுகிறேன்.