லுவாங் பிரபாங்கில் விடியற்காலைப் பிட்சை: பார்க்கப் போகிறவர்களுக்கும் இடப் போகிறவர்களுக்கும்

லாவோஸ் போகிறவர்கள் பெரும்பாலும் லுவாங் பிரபாங்கில் இரண்டு நாளாவது தங்குவார்கள். மேகாங் ஆறும் 'நாம் கான்' ஆறும் சேருமிடத்தில் உள்ள சின்ன ஊர். 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2021 டிசம்பரில் ரயில் வந்தபிறகு கூட்டம் இன்னும் ஏறிவிட்டது. விடியற்காலையில் பௌத்தத் துறவிகளான பிட்சுகள் வரிசையாக வந்து சோறு ஏற்பதை அங்கே 'தக் பாத்' என்கிறார்கள். 'தக்' என்றால் அள்ளுவது. 'பாத்' பிட்சுவின் கலம். நாம் சொல்லும் 'பாத்திரம்' என்ற சொல்லுக்கு அது உறவு.

இது ஊர்க்காரர்களின் அன்றாட வழிபாடு. பார்க்க மட்டும் போகிறவர்கள் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்க வேண்டும். பிட்சுவுக்கும் சோறு இடுபவருக்கும் நடுவே புகுந்துவிடக் கூடாது. வேனுக்குள் உட்கார்ந்தபடி பின்தொடர்வதும் தவறு, ஏனென்றால் பிட்சுகளை விட உயரத்தில் இருந்து பார்ப்பது அங்கே அவமரியாதை.

போன் கேமராவில் ஃபிளாஷ் 'ஆட்டோ'வில் இருந்தால் அந்த இருட்டில் தானாகவே அடித்துவிடும். அறையிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். கேமராவில் ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கையும் மெனுவில் தேடி அணைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பிட்சுகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்தால் அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாது.

*

சோறு இட விரும்புகிறவர்களுக்குச் சோற்றைப் பற்றி விவரமாகச் சொல்லிவிடுகிறேன். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

இடுவது ஒட்டரிசிச் சோறு, அவர்கள் மொழியில் 'காவ் நியாவ்'. முந்தின இரவே ஊறப்போட்டு, கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, கழுத்து குறுகிய பானையின் மேல் வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். தண்ணீர் அரிசியைத் தொடக் கூடாது. நடுவில் ஒருமுறை கூடையைக் குலுக்கி, மேல்சோறு கீழே போகும்படி புரட்ட வேண்டும். ஏறக்குறைய 25 நிமிடத்தில் வெந்துவிடும். இறக்கியதும் பலகையில் பரப்பி, மரக்கரண்டியால் கிளறி, ஆவியை விடுவார்கள். அதைச் செய்யாமல் கூடையில் அடைத்தால் நீர் கோத்து அடிச்சோறு குழைந்துபோகும். அப்புறம் 'திப் காவ்' என்னும் மூடி போட்ட மூங்கில் கூடைக்குள் போகும். மூடியைத் திறந்தே வைத்திருந்தால் மேல்சோறு விறைத்துவிடும்.

தெருமுனையில் சிலர் கூடையைக் கையில் திணிப்பார்கள். எப்போது சமைத்தது என்று தெரியாத சோறு. கெட்ட சோற்றால் பிட்சுகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் உண்டு. விலையையும் கடைசியில்தான் சொல்வார்கள். தங்கியிருக்கும் விடுதிக்காரரிடம் முந்தின மாலையே சொல்லிவைப்பதுதான் சரி. வீட்டுக்குச் சமைக்கும்போது உங்களுக்கும் சேர்த்து வேகவைப்பார்கள். அரிசிக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அவர்கள் வீட்டாரோடு சேர்ந்தே உட்காருங்கள். ஊரில் காலைச் சந்தை இருக்கிறது. அங்கே ஊர்க்காரர்கள் வாங்கும் கடையில் சுடச்சுட வாங்குவது அடுத்த வழி.

பிஸ்கட், சாக்லேட் பொட்டலம் வேண்டாம். தெருவில் இடுவது முக்கியமாகச் சோறுதான். குழம்பு, காய்கறியைத் தெருக்காரர்கள் நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

*

மேலே சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிட்சுவுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு போதும். அரைக் கிலோ சோறு நாற்பது ஐம்பது பேருக்கு வரும். ஆனால் ஒரு கோயில் வரிசை போனதும் அடுத்த கோயில் வரிசை வரும். மூத்தவர் முன்னால், அவருக்குப் பின் இளையவர்கள், கடைசியில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சாமணேரர்கள், அதாவது இன்னும் முழுப் பிட்சு ஆகாத இளந்துறவிகள். புதிதாக வருகிறவர்கள் முதல் பத்துப் பேருக்குக் கை நிறைய அள்ளி வைத்துவிட்டு, அந்தச் சிறுவர்கள் வரும்போது கூடையைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்திலிருந்தே சின்னதாக எடுங்கள்.

வரிசை நிற்காது. ஒருவர் கடந்துபோக இரண்டு மூன்று நொடிதான். அடுத்த பிடியை விரலில் தயாராக வைத்திருக்க வேண்டும். கலத்தின் விளிம்பில் கை படாமல் உள்ளே போடுங்கள். தவறிவிட்டால் அவரை நிறுத்தாதீர்கள், அடுத்தவருக்குப் போடுங்கள். அவர் நன்றி சொல்ல மாட்டார், முகம் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார். புண்ணியம் இடுபவருக்கே என்பது அவர்கள் நம்பிக்கை.

*

உடையும் உட்காரும் முறையும்:

தோள், மார்பு, முழங்கால் மூடியிருக்க வேண்டும். மேல்துணியை இடது தோளில் போட்டு வலது கைக்கு அடியில் கொண்டுவந்து குறுக்காக அணிவார்கள். வலது கை தடையில்லாமல் இருக்கும். செருப்பைக் கழற்றிப் பின்னால் வைத்துவிடுங்கள். பெண்கள் மண்டியிட்டோ தாழ்ந்த முக்காலியிலோ உட்கார்ந்து, பாதங்களைப் பின்பக்கமாக மடக்கிக்கொள்ள வேண்டும். பாதம் பிட்சுவை நோக்கி நீளக் கூடாது. ஆண்கள் நின்றபடி இடலாம். பெண்கள் பிட்சுவையோ காவியையோ தொடக் கூடாது. ஊரின் முக்கியத் தெருவான சக்கலின் சாலையில் நடைபாதை குறுகல், அதனால் முழங்காலுக்கு முன்னால் ஓர் அடியாவது விட்டு உட்காருங்கள்.

கோடையில் 5:30-க்கே வந்துவிடுவார்கள்; குளிர்காலத்தில் 6 மணிக்குப் பக்கம். பதினைந்து நிமிடம் முன்பே இடத்தில் இருங்கள். அவர்கள் தெருவுக்குள் வந்தபிறகு பாயை விரித்துக்கொண்டிருப்பது நன்றாக இராது. கடைசிப் பிட்சு போகும்வரை பேச்சு வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம்.

*

இன்னொன்று கண்ணில் படும். வரிசையின் ஓரத்தில் சில ஏழைக் குழந்தைகள் கூடையோ பையோ வைத்து மண்டியிட்டிருப்பார்கள். பிட்சுகள் தாங்கள் பெற்றதில் கொஞ்சத்தை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் சோற்றை வீணாக்குகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நண்பகலுக்குப் பிறகு பிட்சுகள் சாப்பிடுவதில்லை. அவர்களுக்கு மிஞ்சுவது இப்படிப் பிறருக்குப் போகிறது. அந்தக் குழந்தைகளை நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

வரிசை போனதும் பக்கத்தில் இருக்கும் பாட்டி ஒரு சின்னக் குடுவையிலிருந்து மண்ணிலோ செடியடியிலோ தண்ணீரை மெல்ல ஊற்றுவார். 'யாத் நாம்' என்பார்கள். செய்த புண்ணியம் இறந்துபோன உறவினருக்குச் சேரட்டும் என்று ஊற்றுவது. நம் வீடுகளில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அவர் முடிக்கும்வரை கூடையை மூடிவைத்து அப்படியே உட்கார்ந்திருங்கள்.