பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு அப்புறம் எல்.எல்.பி.: கடன் வாங்கலாமா?

ஃபீனிக்ஸ் அம்மா:
என் மகள் இந்த வருடம் டர்பனில் அரசியல் அறிவியல் பி.ஏ. முடிக்கிறாள். அடுத்து சட்டம்தான் என்று உறுதியாக இருக்கிறாள். முதல் பட்டத்துக்கு தென்னாப்பிரிக்க அரசின் மாணவர் உதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவி கிடைத்தது, இரண்டாவதற்குக் கிடையாது. வங்கிக் கடன் வாங்கினால் நான்தான் ஜாமீன். அவள் படிக்கும்போதே வட்டி என் சம்பளத்தில் போய்விடும். கையெழுத்துப் போடலாமா?

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
போடுங்கள் அக்கா. நம் டர்பனின் வக்கீல் நவி பிள்ளை ஒரு பஸ் ஓட்டுநரின் மகள். அக்கம்பக்கத்து இந்தியர்கள் காசு சேர்த்துக் கொடுத்துத்தான் படித்தார். அவரும் முதலில் பி.ஏ., அப்புறம் 1965-இல் எல்.எல்.பி. 2008-இல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனார்.

வெருலம் தங்கை:
அண்ணா, அவர் 1967-இல் சொந்த அலுவலகம் திறந்ததே, வேலை கொடுக்க ஒரு சட்ட நிறுவனமும் முன்வராததால்தானே! இன்றைக்கும் பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த வாசலில்தான். எல்.எல்.பி. மூன்று வருடம், ஆர்ட்டிகிள்ஸ் என்கிற வக்கீல் பயிற்சி பெரும்பாலும் இரண்டு வருடம், கூடவே வக்கீலாவதற்கான போர்டு தேர்வு. கட்டணத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஆர்ட்டிகிள்ஸுக்கு நான் 43 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். விளம்பரத்துக்கு விளம்பரம் "லைசென்ஸ், சொந்தக் கார் அவசியம்" என்று இருந்தது. கோர்ட்டுக்குக் கோப்பு கொண்டுபோக வேண்டுமே. அப்பா தன் பழைய கொரோலாவை எனக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருடம் டாக்ஸியில் வேலைக்குப் போனார். என் சம்பளத்தில் பாதி பெட்ரோலுக்கே போனது.

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
அதற்காக பி.ஏ.வோடு நிற்பதா? என் தம்பி மகனும் இதே பட்டம்தான். இரண்டு வருடம் அலைந்து இப்போது கால் சென்டரில் இருக்கிறான். கையில் ஒரு தொழில் வேண்டும் தங்கச்சி.

வெருலம் தங்கை:
நிற்கச் சொல்லவில்லை, சம்பாதித்துக்கொண்டே படிக்கச் சொல்கிறேன். யூனிசா பல்கலைக்கழகத்தில் தொலைதூர வழியில் எல்.எல்.பி. இருக்கிறது. பகலில் ஏதாவது தொழிற்சங்கத்தில் சேரலாம். தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. அமைப்பின் விசாரணையில் தொழிலாளிக்காகப் பேசச் சங்க அதிகாரிக்கு வக்கீல் பட்டம் தேவையில்லை. வேலைநீக்க வழக்கு நாலைந்தில் உட்கார்ந்தாலே, இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.
அப்புறம் அக்கா, பி.ஏ.வில் சட்டப் பாடம் ஏதாவது எடுத்தாளா? போதுமான அளவு இருந்தால் எல்.எல்.பி. இரண்டு வருடமாகக் குறையும்.

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
வேலைக்குப் போனால் படிப்பு இழுத்துக்கொண்டே போகும். வயதும் போகும். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தப் பாடக் கணக்கை முதலில் பாருங்கள் அக்கா. ஆர்ட்டிகிள்ஸுக்கு லீகல் எய்டையும், அதாவது அரசின் இலவசச் சட்ட உதவி அமைப்பையும், மறக்க வேண்டாம்.

ஃபீனிக்ஸ் அம்மா:
இப்போதுதான் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அரசியல் சாசனச் சட்டத்தோடு சேர்த்து மூன்று பாடம் இருக்கிறது. திங்கட்கிழமை இரண்டு பேரும் பல்கலைக்கழகச் சட்டத் துறை இருக்கும் ஹோவர்ட் காலேஜுக்குப் போய்க் கேட்கிறோம். வங்கிப் படிவம் அதுவரை அலமாரியிலேயே இருக்கட்டும்.