மியூசியம் பாக்க வர்றவங்ககிட்ட கருத்து கேக்கற சர்வேக்கு எந்த சாப்ட்வேர் எடுத்தீங்க, என்ன பட்டீங்க?

வாசல் டேப்ளட்:
நான் ஆரம்பிக்கறேன். நாலஞ்சு டெமோ பாத்துட்டு, டாஷ்போர்டு கலர் கலரா இருக்கேன்னு ஒன்ன வாங்கிட்டோம். மொத நாள் டேப்ளட்ட வெளிய போற வழில வச்சா, பழைய கட்டடம், தடி தடியா சுவரு, சிக்னலே வரல, ஒருத்தர் பொறுமையா நின்னு 12 கேள்விக்கும் பதில் சொல்லி சப்மிட் அமுக்குறாரு, அது சுத்திக்கிட்டே கெடக்கு, அவரு சிரிச்சுட்டு கிளம்பிட்டாரு, பதிலும் அவரோடவே போயிடுச்சு. டெமோல ஆஃப்லைன் இருக்குன்னு சொன்னாங்களேன்னு கேட்டா, ஃபார்ம் தெறக்குமாம், பதில் சேவ் ஆகாதாம்! அப்புறம் கோபோடூல்பாக்ஸ்னு இன்னொரு சர்வே சாப்ட்வேருக்கு மாறிட்டோம். ஆண்ட்ராய்டுல கோபோகலெக்ட் ஆப் போட்டா பதில் அதுலயே இருக்கும், நெட் கெடைக்கறப்ப அனுப்பிக்கலாம், கேள்வியெல்லாம் எக்ஸெல் ஷீட்லயே எழுதி ஏத்திடலாம். இப்பல்லாம் யாராவது டெமோ காட்ட வந்தா மொத வேலையா ஏரோப்ளேன் மோட் போட்டுருவேன்.

ஞாயிறு டியூட்டி:
எங்க கத வேற. ஸ்மைலி பட்டன் வச்சோம். ஸ்கூல் பஸ் ஒன்னு வந்து நின்னுச்சு, ரெண்டே நிமிஷத்துல வரிசையா சோக மூஞ்சி, பசங்களுக்கு அது வெளையாட்டு சாமான். அத கழிக்கலாம்னு பாத்தா அந்த சாப்ட்வேர் ஒரு நாளுக்கு ஒரு சராசரிதான் குடுக்குது, எந்த பட்டன எத்தன மணிக்கு அமுக்கினாங்கன்னு எடுக்கவே முடியல. ஒவ்வொரு பதிலும் நேரத்தோட தனித்தனியா டவுன்லோட் ஆகுதான்னு பாத்துட்டு காசு குடுங்க.

அப்புறம் டவுன்லோட் பண்ண பதில் சிஎஸ்வி ஃபைலா (வெறும் எழுத்தா இருக்கற அட்டவணை) வந்தா, அத எக்ஸெல்ல அப்படியே டபுள் க்ளிக் பண்ணி தமிழ் பதில் எல்லாம் பொம்மை எழுத்தா வருதேன்னு அழாதீங்க, தமிழ் எழுத்தெல்லாம் சரியா படிக்கற யூடிஎஃப்-8 என்கோடிங் குடுத்து இம்போர்ட் பண்ணுங்க, சரியாயிடும். இதுக்கு நான் ஒரு சாயங்காலம் முழுக்க வேஸ்ட் பண்ணேன்.

கோடு தாண்டினா:
எனக்கு சாப்ட்வேர விட யாரு பதில் சொல்றாங்கன்றதுதான் பெரிய தலைவலி. க்யூஆர் ஒட்டி வச்சப்ப ரொம்ப பிடிச்சவங்களும் செம கடுப்புல இருந்தவங்களும்தான் ஸ்கேன் பண்ணாங்க, நடுவுல இருக்கற கூட்டம் அப்படியே போயிடுச்சு. இப்ப தரையில ஒரு கோடு இருக்கறதா வச்சுக்கிட்டு, ஒருத்தர முடிச்சதும் அடுத்து அந்த கோட்ட மொதல்ல தாண்டற பெரியவங்க யாரோ அவங்கள கேப்போம், மூஞ்சி பாத்து ஆள் பொறுக்கக் கூடாது. முடியாதுன்னு சொன்னவங்களையும் பதிவு பண்றோம். மொத கேள்வியே சம்மதமா இல்லையான்னு வச்சு, இல்லைனா தனியா வந்தாரா, கொழந்தையோட வந்தாரா, இத மட்டும் நம்மாளு பாத்து டிக் பண்ணிட்டு ஃபார்ம் முடிஞ்சுடும். கூகுள் ஃபார்ம்ஸ்லயே செக்ஷன் பிரிச்சு இத பண்ணலாம், ஆனா ஒரு ஆளுக்கு ஒரு பதில்னு இருக்கற செட்டிங்க ஆஃப் பண்ணிடுங்க, இல்லனா லாகின் கேக்கும், பொது டேப்ளட்ல அது ஆகாது.

வாசல் டேப்ளட்:
இன்னைக்கே அந்த மொத கேள்விய போட்டுட்டேங்க. மதியத்துக்குள்ள 6 பேரு பதில் சொன்னாங்க, 9 பேரு முடியாதுன்னாங்க, அதுல 7 பேரு கைக்கொழந்தையோட. இத்தன நாளா இவங்கள்லாம் எங்க கணக்குலயே இல்ல.