எம்.எஃப்.ஐ. (உருகி வடிகிற அளவு) ஒன்றேதான், எல்.எல்.டி.பி.இ. பிளாஸ்டிக் போட்டால் மட்டும் ஃபிலிம் மெஷின் முரண்டு பிடிக்கிறது, ஏன்?

ராணிப்பேட்டை_ஃபிலிம்:
வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் சின்ன பிளாஸ்டிக் ஃபிலிம் யூனிட், 45 எம்.எம். ஸ்க்ரூ, பழைய மெஷின். ஸ்க்ரூ உருக்கித் தள்ளுகிற பிளாஸ்டிக் டை என்கிற வட்ட இடுக்கு வழியாக வரும், அதில் காற்று ஊதிப் பலூன் மாதிரி (பபுள்) ஆக்கி ஃபிலிம் எடுக்கிறோம். 2019 ஜனவரியில் கேரி பேக்குக்குத் தடை வந்த பிறகு வயலில் செடியடி மண்ணை மூடுகிற கருப்பு மல்ச்சிங் ஷீட்தான் போடுகிறோம். இத்தனை நாள் எல்.டி.பி.இ.யில் (அடர்த்தி குறைந்த பாலித்தீன்) ஓட்டினேன். குச்சி பட்டாலே கிழிகிறது என்று தக்காளி போடுகிற ஒருவர் ரோலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார், சரி என்று எல்.எல்.டி.பி.இ. (அதிலேயே நேர்ச் சங்கிலி வகை) வாங்கினேன். இரண்டு மூட்டையிலும் எம்.எஃப்.ஐ. 1, அடர்த்தியும் 0.92 பக்கம்தான். ஆனால் மோட்டார் இழுக்கிற ஆம்ப்ஸ் 30-லிருந்து 41-க்கு ஏறி மோட்டார் ட்ரிப் ஆகிறது, பபுள் கரகம் ஆடுகிறது, ஃபிலிமைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. சூட்டை 20 டிகிரி ஏற்றினேன். ஆம்ப்ஸ் கொஞ்சம் இறங்கியது, பபுள் படுத்தே விட்டது. மூட்டை மாறிவிட்டதா என்று சப்ளையரைக் கேட்டேன், அவர் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பாலாறு_மணல்:
இந்தக் கத்திரி வெயிலில் வேலூர்க் கோட்டை எதிரே இளநீர் விற்றால் இதைவிட லாபம் அண்ணா. சும்மா சொன்னேன். உருகியதை வடிகட்டுகிற ஸ்க்ரீனை மாற்றிப் பார்த்தீர்களா?

ராணிப்பேட்டை_ஃபிலிம்:
இரண்டு தடவை மாற்றியாச்சு தம்பி.

பழைய_லேப்காரன்:
சப்ளையர் மேல் தப்பில்லை. எம்.எஃப்.ஐ. என்பது 190 டிகிரியில் 2.16 கிலோ எடை வைத்து, சின்ன ஓட்டை வழியாகப் பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வடிகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். அது ரொம்ப மெதுவான ஓட்டம். உங்கள் டை இடுக்கில் ஓட்டம் அதைவிடப் பல பத்து மடங்கு வேகம். விடிகாலையில் காட்பாடி மேம்பாலத்தைப் பார்த்துவிட்டு மாலை ஆறு மணிக்கு அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியுமா?

வித்தியாசம் மூலக்கூறின் உருவத்தில் இருக்கிறது. எல்.டி.பி.இ.யை ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தத்தில் செய்கிறார்கள், அந்தக் கலாட்டாவில் சங்கிலி கண்டபடி கிளை விடுகிறது, சில கிளைகள் தாய்ச் சங்கிலி அளவுக்கே நீளம். வேலிக்காத்தான் முள் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொம்பைப் பிடித்து இழுத்தால் கட்டே கூட வரும். அதனால்தான் காற்று ஊதி இழுக்க இழுக்க பபுள் இறுகி நிற்கிறது. ஆனால் டைக்குள் வேகமாகத் தள்ளும்போது அதே சரக்கு சட்டென்று இளகிவிடும்.

எல்.எல்.டி.பி.இ. வினையூக்கி வைத்துச் செய்வது. நேர்ச் சங்கிலி, அதில் பியூட்டீன், ஹெக்ஸீன் அல்லது ஆக்டீன் தருகிற குட்டைக் கிளைகள், இரண்டு, நான்கு, ஆறு கார்பன்தான். இது இடியாப்பம். இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துவிடும், அதனால் பபுளுக்குப் பிடிமானம் இல்லை. வேகம் கூடினாலும் எல்.டி. அளவுக்கு இளகாது, ஸ்க்ரூ மல்லுக்கட்டுகிறது, ஆம்ப்ஸ் ஏறுகிறது. டை உதட்டை விட்டு வெளியே வரும்போது மேல்தோல் மட்டும் வெடுக்கென்று இழுபட்டுக் கிழிகிறது. சுறாத்தோல் என்பார்கள், உங்கள் உப்புத்தாள் அதுதான். ஆறிய பிறகு குச்சிக்குக் கிழியாமல் தாங்குவதும் இதே சங்கிலிதான் என்பதால் அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

டை_துடைப்பவன்:
லேப் சார் சொன்னது சரி, நான் மெஷின் பக்கம் சொல்கிறேன். டை இடுக்கு எவ்வளவு? எல்.டி.க்குச் செய்த டை என்றால் ஒரு மில்லிக்குள்தான் இருக்கும், எல்.எல்.டி.க்கு இரண்டு மில்லி பக்கம் வேண்டும். மாற்றக் காசு இல்லையென்றால் 30 சதவீதம் எல்.டி. கலந்துவிடுங்கள், பபுள் நிற்க அதுவே போதும். சுறாத்தோலுக்கு ஃப்ளோரோ பிராசஸிங் எய்ட் (டை உதட்டில் படிந்து சரக்கை வழுக்க விடுகிற சேர்மானம்) போடலாம், ஆனால் அது டை உதட்டில் படிய அரை மணி, ஒரு மணி கூட ஆகும். பலர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று இன்னும் இரண்டு பிடி கொட்டுகிறார்கள்.

சூட்டை மொத்தமாக ஏற்றியது தப்பு. டை உதட்டில் மட்டும் ஏற்றுங்கள், மற்றதை இறக்குங்கள். அப்புறம் பபுளைக் குளிர்விக்கிற உங்கள் ஏர் ரிங் புளோவர் எங்கிருந்து காற்று இழுக்கிறது? பபுள் உறைகிற கோடு மேலே மேலே போனால் எந்தச் சரக்காக இருந்தாலும் ஆடத்தான் செய்யும்.

ராணிப்பேட்டை_ஃபிலிம்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டை இடுக்கு 0.8 மில்லி. 30 சதவீதம் எல்.டி. கலந்தேன், ஆம்ப்ஸ் 35-இல் நிற்கிறது. எய்ட் போட்டு முக்கால் மணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், உப்புத்தாள் கோடுகோடாக மறைந்தது, ஒரு ஓரம் மட்டும் பாக்கி. புளோவர், ஸ்க்ரூ சுற்றுகிற சூடான பேரலுக்குப் பின்னால், தகர ஷீட் கூரைக்கு அடியில் இருந்து அனல் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது! குழாய் போட்டு வெளியே வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோய்விட்டேன், உறைகிற கோடு ஒரு சாண் இறங்கியது. அந்தத் தக்காளிக்காரருக்கு ஒரு ரோல் சும்மா கொடுத்தனுப்பியிருக்கிறேன்.