நார்மண்டி கப்பலில் புகை எந்த வழியாக மேலே போனது?

அட்டைக்கப்பல்:
வணக்கம். ஆறு மாதமாக அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பயணிக் கப்பல் நார்மண்டியை 1:400 அளவில் அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். நிஜக் கப்பல் 313 மீட்டர், என்னுடையது 78 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேஜை முழுக்க அதுதான், அதனால் வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

வெளிக்கூடு முடிந்துவிட்டது. உள்ளே வந்ததும் மண்டை காய்கிறது. அடியில் 29 பாய்லர், உச்சியில் நட்டநடுவாகப் புகைபோக்கிகள். அப்படியென்றால் புகை வரும் குழாயும் நடுவாகத்தானே ஏறியிருக்க வேண்டும்? ஆனால் பழைய புகைப்படங்களில் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் 93 மீட்டர் நீளத்துக்கு நடுவில் தடுப்பே இல்லாமல் ஓடுகிறது. மேல்தளத்து வரவேற்புக் கூடங்களும் அப்படித்தான். குழாய் எங்கே போனது? கூடத்தின் நடுவே ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை.

பாய்லர்சூட்:
கத்தியைக் கீழே வையுங்கள் தம்பி, ஓட்டை வேண்டாம்.

நான் எண்பதுகளில் நீராவி டேங்கர் ஒன்றில் ஜூனியர் இன்ஜினியர். என் கேபின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் புகை ஏறும் குழாய். நாங்கள் அதை அப்டேக் என்போம். வேலை உடுப்பான பாய்லர்சூட்டைத் துவைத்து அந்தச் சுவரில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். ராத்திரி தூக்கம்தான் வராது. அந்தக் காலத்துப் பயணிக் கப்பல்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை நடுவில்தான் நிற்கும், கூடத்தை இரண்டாக வெட்டிவிடும்.

நார்மண்டியில் அப்டேக்கை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஏற்றி, உச்சியில் புகைபோக்கிக்குக் கீழே மறுபடி சேர்த்துவிட்டார்கள். கூடத்தின் அகலம் 14 மீட்டர், கப்பலின் அகலம் 36. இரண்டு பக்கமும் ஆளுக்குப் 11 மீட்டர் மிச்சம். உங்கள் அட்டையில் கூடம் 35 மில்லிமீட்டர் அகலம், இருபுறமும் 27 சொச்சம் வரும். குழாயை அங்கே நிறுத்துங்கள். கூடத்துக்கு ஜன்னலே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லாலிக் செய்த கண்ணாடி விளக்குத் தூண்களும் குளிர்சாதனமும்.

இதற்கு விலையும் உண்டு. இதே முறையை ஜெர்மன்காரர்கள் முதல் உலகப் போருக்கு முன்பே வாட்டர்லேண்ட், பிஸ்மார்க் என்ற பயணிக் கப்பல்களில் செய்துவிட்டார்கள். பிற்பாடு லெவியாதன், மெஜஸ்டிக் என்று பெயர் மாறிய அந்த இரண்டிலும் மேல்தளத் தகடு விரிசல் விட்டது. அலையில் கப்பல் வளைந்து நிமிரும்போது இழுவை அதிகம் விழுவது அந்தத் தகட்டில்தான். அதில் ஒன்றுக்கு இரண்டாக ஓட்டை போட்டால், அதன் மூலையில்தான் முதலில் பிய்யும்.

குயின்மேரி கட்சி:
அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நார்மண்டி 1935 மே மாதம் ஓட ஆரம்பித்தபோது பின்பக்கம் என்ன நடுக்கம்! மூன்று இதழ் புரொப்பல்லர்களைக் கழற்றி நான்கு இதழ் போட்ட பிறகுதான் அடங்கியது. அதோடு, போட்டிக்கு வந்த பிரிட்டிஷ் கப்பல், எங்கள் குயின் மேரி, 80,774 டன் என்றதும் பின்தளத்தில் புதிதாக ஒரு கூடம் கட்டி 79,280ஐ 83,423 ஆக்கிக்கொண்டார்கள். ‘உலகிலேயே பெரியது’ பட்டத்துக்காக இப்படியா! எங்கள் கப்பல் குழாயை நடுவிலேயே வைத்துக்கொண்டு இன்றைக்கும் அமெரிக்காவின் லாங் பீச்சில் நிற்கிறது. உங்களுடையது?

பாய்லர்சூட்:
உருண்டு உருண்டே போன கப்பலைப் பற்றி நீங்கள் பேசலாமா? ஆட்டம் தாங்காமல் 1958இல்தானே ஸ்டெபிலைசர் மாட்டினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் அமெரிக்கா நார்மண்டியை எடுத்துக்கொண்டு, லஃபாயெட் என்று பெயர் மாற்றி, துருப்புக் கப்பலாக்கிக்கொண்டிருந்தது. 1942 பிப்ரவரி 9, நியூயார்க் துறை. மேல்தளத்துப் பெரிய வரவேற்புக் கூடத்தில் விளக்குத் தூண்களை வெட்டும்போது தீப்பொறி தெறித்து, அங்கேயே கட்டுக் கட்டாகக் கிடந்த உயிர்காப்பு உடுப்புகளில் விழுந்தது. உள்ளே இலவம்பஞ்சு. நம் வீட்டுத் தலையணைப் பஞ்சேதான், கேட்க வேண்டுமா! தடுப்பில்லாத நீளக் கூடங்கள் தீக்கும் நல்ல பாதை ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆனால் கப்பலைக் கவிழ்த்தது தீ இல்லை, தண்ணீர். தீயணைப்புப் படகுகள் மேல்தளங்களில் கொட்டியது அங்கேயே தேங்கி, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கப்பலின் உடலை வடிவமைத்த யூர்கேவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். அடியிலுள்ள வால்வுகளைத் திறந்துவிடுங்கள், கப்பல் நிமிர்ந்தபடியே தரையில் உட்காரும் என்று சொல்ல வந்தவரை உள்ளேயே விடவில்லை. மறுநாள் அதிகாலை இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. எத்தனை வருஷம் ஆனாலும் இந்த இடம் வந்தால் எனக்கு வயிறு எரியும்.

நாகைப்பேரன்:
எங்கள் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜூலா கப்பலில் போனவர். டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனாராம். அந்த 93 மீட்டர் கூடத்தைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அட்டைக்கப்பல்:
நன்றி சார், நேற்று ராத்திரியே இரண்டு குழாயும் ஒட்டிவிட்டேன். கூடம் நீளமாக அப்படியே நிற்கிறது.

நாகைப்பேரன், தாத்தாவிடம் இதைச் சொல்லாதீர்கள். மூன்றாவது புகைபோக்கி வெறும் அழகுக்கு வைத்ததாம், அதற்குப் புகையே போகாது. அந்த இடத்தில் பயணிகளின் நாய்களுக்குக் கூண்டு அமைத்திருந்தார்கள். மில்லிமீட்டர் கணக்கில் நாய்க்கூண்டு வெட்ட யாராவது வழி சொல்லுங்கள்.